சாமத்தியச் சடங்குக்குத் தாலிக்கொடியை அடைவு வைக்கலாமா?

திருகோணமலையில், உப்புவெளிக்கு அருகில் வசிக்கும் ஒரு தாய் எழுதிய கடிதம் இது. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு 39 வயது. வீட்டில் தையல் வேலை செய்கிறார். கணவர் இன்னொருவரின் படகில் பங்குக்குக் கடலுக்குப் போகிறவர். ஏழாம் தரத்தில் படிக்கும் மூத்த மகள், 12 வயது, தை மாதக் கடைசியில் பெரியபிள்ளையானாள். முதல் தண்ணீரை வீட்டிலேயே வார்த்துவிட்டார்கள். இனிச் சடங்கை எப்படி நடத்துவது என்பதில்தான் குழப்பம். மண்டபம் எடுத்து 300 பேருக்குச் சொல்ல வேண்டும் என்பது மாமியின் விருப்பம். கனடாவில் இருக்கும் மச்சாள், பெரிதாகச் செய்தால் இரண்டு இலட்சம் அனுப்புவதாகவும் வீட்டு முற்றத்தில் செய்தால் தன்னைக் கேட்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். கணவரோ "உன் விருப்பம்" என்று சொல்லிவிட்டு வலை பொத்தப் போய்விடுகிறார்.

கடிதத்தில் ஒரு செலவுக் கணக்கு இருக்கிறது. மண்டபம் 85,000 ரூபாய். 300 பேருக்குச் சாப்பாடு 3,00,000. மணவறையும் சோடனையும் 90,000. படம், வீடியோ, அல்பம் 1,20,000. சேலை, அலங்காரம், வாடகை நகை 45,000. அழைப்பிதழ், கேக், மற்றவை 25,000. மொத்தம் 6,65,000. கையில் இருப்பது 1,40,000. வைகாசியில் விழவிருக்கும் சீட்டு 1,00,000. மிச்சத்துக்குத் தாலிக்கொடியை அடைவு வைப்பதா, மகளிர் குழுவில் கடன் எடுப்பதா என்று கேட்கிறார். "300 பேர் ஆளுக்கு 2,000 வைத்தாலும் 6 இலட்சம் வந்துவிடும், கடனை அடைத்துவிடலாம்தானே?" என்பது அவருடைய நம்பிக்கை. சின்னதாகச் செய்தால் மகளை ஊரார் இளக்காரமாகப் பார்ப்பார்களோ என்பது அவருடைய பயம். கடைசிப் பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள்: "மகள் தன்னுடைய படத்தைப் பேஸ்புக்கில் போட வேண்டாம் என்கிறாள். சின்னப் பிள்ளைதானே, பிறகு சரியாகிவிடும்."

அன்புள்ள சகோதரி,

நீங்கள் எழுதிய நான்கு பக்கங்களில் உங்கள் மகள் பேசியிருப்பது அந்த ஒரே வரிதான். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இப்படியான நெருக்கடியில் என்னிடம் வருகிற தாய்மார் எல்லாருமே பணத்தைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். பயம் அங்கே இருக்கிறது. ஆனால் இந்தக் கொண்டாட்டம் யாருக்கு என்பதை முடிவு செய்துவிட்டால் செலவில் பாதி தானாகவே விழுந்துவிடும். மாமிக்காகவா, மச்சாளுக்காகவா, ஊருக்காகவா, மகளுக்காகவா? உங்கள் 6,65,000 ரூபாய்க் கணக்கை மகளை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி வாசித்தேன். அதில் அவள் கேட்டது என்று ஒன்றுமே இல்லை.

என்வலப் கணக்கில் உள்ள பிழை

முதலில் இதைத் திருத்த வேண்டும், ஏனென்றால் உங்கள் திட்டம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. 300 பேர் வந்தால் 300 என்வலப் வராது. சாப்பாட்டை ஆள் கணக்கில் போடுகிறோம், என்வலப் குடும்பக் கணக்கில் வருகிறது. நீங்கள் இணைத்திருந்த பெயர்ப் பட்டியலை எண்ணிப் பார்த்தேன்: 85 குடும்பங்கள். குடும்பத்துக்கு 2,000 என்றால் 1,70,000. மச்சாளின் பணத்தைச் சேர்க்காமல் பார்த்தால் உங்களுக்குக் குறைகிற தொகை 4,25,000. எல்லாரும் வந்து எல்லாரும் வைத்தாலும் 2,55,000 ரூபாய் கடன் மிஞ்சும்.

இன்னொன்றையும் நீங்கள் அறிவீர்கள், எழுதத்தான் தயங்கியிருக்கிறீர்கள். அந்த 1,70,000 உங்கள் காசு அல்ல. கொப்பியில் பெயர் எழுதி வாங்குகிற ஒவ்வொரு என்வலப்பும் திரும்பச் செய்ய வேண்டிய கடன். அந்த வீடுகளில் கலியாணம், சடங்கு, வீடு குடிபுகல் என்று அடுத்த சில ஆண்டுகள் முழுவதும் அது உங்களைத் தேடி வரும். கடனை அடைக்க இன்னொரு கடனை நம்பாதீர்கள்.

கொடியும் குழுக்கடனும்

கொடியை வங்கியில் அடைவு வைப்பது சட்டப்படி சரியான வழிதான். வீட்டுக்கு வீடு வந்து கடன் தருகிறவரைவிட எவ்வளவோ மேல். ஆனால் மீட்பது எந்தக் காசில்? உங்கள் கணவருக்கு நல்ல உழைப்பு பங்குனி, சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான். ஐப்பசியில் வாடைக்காற்றுத் தொடங்கினால் கடல் அடித்துக்கொண்டிருக்கும், படகு கரையில் கிடக்கும். தென்மேற்குக் காற்றடிக்கும் அந்தச் சோளகக் காலத்தில் உழைப்பதில்தான் மாரி மாதங்களின் அரிசியும் பிள்ளைகளின் கொப்பி புத்தகமும் இருக்கின்றன. அதே காசில் கொடியையும் மீட்க வேண்டும் என்றால் ஏதோ ஒன்று விழும். வட்டி ஏறி, தவணையும் தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும். கொடி போன பிறகு வருகிற சண்டைகளை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மனைவி கணவனைக் குற்றம் சொல்வாள், கணவன் சடங்கைக் குற்றம் சொல்வான், அதையெல்லாம் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். தன்னால்தான் எல்லாம் வந்தது என்று நினைத்துக்கொள்ளும்.

குழுக்கடனில் "நூற்றுக்கு 24 வட்டி" என்று சொன்னார்களாம். இரண்டு இலட்சத்துக்கு ஓர் ஆண்டில் 2,48,000 கட்ட வேண்டும். வாரத்துக்கு ஏறக்குறைய 4,770 ரூபாய். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆறு மாதத்தில் பாதி முதலைக் கட்டி முடித்திருப்பீர்கள், ஆனாலும் வட்டி முழு இரண்டு இலட்சத்துக்கே போய்க்கொண்டிருக்கும். குறைந்துவரும் நிலுவைக்கு என்று கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 40 வீதத்துக்கும் மேற்பட்ட வட்டி. வட்டி எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் ஒரு வாரம் தவறினால் உங்களோடு ஒப்பமிட்ட அயல் பெண்கள்தான் சேர்ந்து கட்ட வேண்டும் என்பதையும் நினையுங்கள். நுண்கடன் சுமை எவ்வளவு பெரிதாகியது என்றால், 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் கடனுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டியிருந்தது. படகு வாங்க, தையல் இயந்திரம் வாங்கக் கடன் எடுப்பதை நான் தடுக்க மாட்டேன். அவை திரும்ப உழைத்துத் தரும். ஒரு நாள் சோடனைக்கு வேண்டாம்.

ஆகவே என் பதில்: கொடியும் வேண்டாம், கடனும் வேண்டாம். கைக்காசும் சீட்டும் சேர்ந்த 2,40,000 இல் 40,000 ஐத் தொடாமல் ஒதுக்கிவிட்டு, இரண்டு இலட்சத்துக்குள் நல்ல சடங்கு ஒன்றை நடத்தலாம். எப்படி என்று சொல்கிறேன்.

ஆட்களிலிருந்து தொடங்குங்கள்

கணவரையும் உட்கார வைத்து ஒரு கொப்பியை எடுங்கள். போன ஆண்டு அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது சோறு கொண்டு வந்தவர்கள் யார் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அந்தப் பெயர்களில் இருந்து ஆரம்பியுங்கள். பிறகு இரண்டு பக்கத்திலும் நெருங்கிய உறவுகள், அயல் வீடுகள், படகில் கூடப் போகிறவர்கள், மகளின் தோழிகள், அவளுக்குப் பிடித்த ஓர் ஆசிரியை. பெரும்பாலும் 110, 120 இல் நிற்கும். சுமார் 35 குடும்பங்கள். இதற்கு அப்பால் உள்ளவர்களை எதிரே காணும்போது "வீட்டோடு செய்தோம், பிள்ளையை ஒரு நாள் வந்து பாருங்கள்" என்று சொன்னால் போதும். அப்படிச் சொன்னதற்காக உறவை முறித்தவர்களை நான் கண்டதில்லை. 300 பேரில் நீங்கள் பாதிப் பேரின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள், 120 பேரில் ஒவ்வொருவரிடமும் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கலாம். வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுவது அதைத்தான்.

120 பேர் என்றானதும் மண்டபம் தேவையில்லை. உங்கள் வளவும் பக்கத்து வீட்டு வளவும் சேர்ந்தே இருக்கின்றன, வேலியில் ஒரு பக்கத்தைக் கழற்ற அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைவிட நல்ல இடம் எது? எனக்குச் சடங்கு நடந்ததும் முற்றத்தில் போட்ட கிடுகுப் பந்தலுக்குக் கீழேதான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் புதுக் கிடுகின் மணம் வந்தால் அந்தக் காலைதான் நினைவுக்கு வருகிறது.

என் கணக்கைத் தருகிறேன், உங்கள் பக்கத்து விலையை விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள். சமையற் சாமான்களும் சமையற்காரரின் கூலியும் 70,000. பந்தல், கதிரை, மேசை, கிடாரம் வாடகை 35,000. மகளின் சேலை, பூ, அலங்காரம் 25,000. படம் 30,000. ஐயர், சடங்குச் சாமான், பலகாரம் 15,000. ஐஸ், தண்ணீர், வண்டிக் கூலி, துப்புரவு 15,000. எதிர்பாராததற்கு 10,000. இரண்டு இலட்சம்.

சாப்பாட்டில் குறைவு வைக்காதீர்கள்

மற்ற எதில் குறைத்தாலும் இதில் குறைக்காதீர்கள். ஆனால் நிறைவான சாப்பாடு என்றால் பத்து வகை என்று பொருள் அல்ல. சுடச்சுடச் சோறு, கெட்டியான பருப்பு, நான்கு மரக்கறி, வடை, அப்பளம், மோர்மிளகாய், ரசம், பாயாசம். வாழையிலையில் மரக்கறிச் சாப்பாடு போடுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: கணவரோடு தொழில் செய்யும் கிண்ணியா முஸ்லிம் நண்பர்களும் தயக்கமின்றிக் கை நனைக்கலாம். நம் ஊரில் ஒரு பந்தியில் எல்லாரும் சேர்ந்து உட்காருவது சின்ன விடயம் அல்ல.

120 பேருக்கு 16 கிலோ அரிசி, மூன்றரைக் கிலோ பருப்பு, ஒவ்வொரு கறிக்கும் ஆறு கிலோ மரக்கறி, 25 தேங்காய் போதும். கத்தரிக்காய், பூசணி, பயற்றங்காய், கீரை என்று எங்கள் பக்கத்தில் விளைவதை எடுங்கள். தம்புள்ளையிலிருந்து லொறி ஏறி வரும் கரட்டும் போஞ்சியும் இல்லாவிட்டால் விருந்து கெட்டுவிடாது. சமையற்காரரிடம் நான்கு கிலோ அரிசியை உலையில் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். இரண்டாம் பந்தி எழும்போது மிச்ச ஆட்களை எண்ணிப் பார்த்து, தேவையென்றால் போடலாம். விருந்து முடிந்து அண்டாச் சோற்றைக் கொட்டுவது போன்ற வேதனை வேறில்லை. தேங்காய்ப்பால் சேர்த்த கறிகளை முதல் நாள் இரவில் சமைக்க விடாதீர்கள், எங்கள் வெயிலுக்குத் தாங்காது. அன்று விடியப்புறம் தொடங்கி, மதியத்துக்குள் பரிமாறி முடிக்க வேண்டும்.

40 பேராக மூன்று பந்தி வையுங்கள். 120 பேருக்கும் ஒரேயடியாக மேசை போட வேண்டியதில்லை, வாடகை குறையும். முதல் பந்தியில் பிள்ளைகளும் வயதானவர்களும். சோடாப் போத்தல்களுக்குப் பதில் பெரிய பானையில் தேசிக்காய்த் தண்ணீர், கொஞ்சம் உப்பும் சீனியும் போட்டு. பலகாரத்துக்கு ஆள் பிடிக்க வேண்டாம். முறுக்கும் பயற்றம்பணியாரமும் சுட மூன்று நாள் முன்னதாக அயல் பெண்களைக் கூப்பிடுங்கள். அந்த மூன்று இரவுகளும் அடுப்படியில் நடக்கும் பேச்சும் சிரிப்பும் கொண்டாட்டத்தில் சேர்த்திதான். உங்கள் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து மா பிசையட்டும்.

மணவறைக்கு 90,000 வேண்டாம். நிறைகுடம், குத்துவிளக்கு, தென்னங்குருத்துத் தோரணம், பின்னால் உங்கள் நல்ல சேலைகள் இரண்டு. நீங்கள் தையற்காரி, அந்தத் திரையை உங்களைவிட அழகாக யாரும் மடித்துக் கட்டப் போவதில்லை.

மகள் சொன்ன வரி

"பிறகு சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, சரியாகாது. 12 வயதுப் பிள்ளை தன் உடலில் நடந்ததை இன்னும் முழுதாக விளங்கிக்கொள்ளவே இல்லை. அதற்குள் அந்தச் செய்தி படத்தோடு வகுப்புப் பையன்களின் கைப்பேசிக்குப் போய்ச் சேருகிறது. அவள் கேட்டது நியாயமானது, சிறுபிள்ளைத்தனம் அல்ல. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம், தன்னைப் பாதிக்கும் விடயங்களில் பிள்ளை கருத்துச் சொல்லவும் அதற்கு மதிப்புக் கிடைக்கவும் 12 ஆம் உறுப்புரையில் உரிமை தருகிறது. 16 ஆம் உறுப்புரை அவளுடைய அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறது. சட்டத்தை விடுங்கள், தாயிடம் துணிந்து ஒன்றைக் கேட்டிருக்கிறாள். இதில் நீங்கள் அவள் பக்கம் நின்றால், நாளைக்கு இதைவிடப் பெரிய விடயத்தையும் உங்களிடம்தான் வந்து சொல்வாள்.

படம் எடுங்கள், வீட்டு அல்பத்துக்கு. நம் கடற்கரையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழுகிறது. காலை ஆறு மணி வெளிச்சத்தில் அரை மணி நேரம் எடுக்கும் படங்களுக்கு ட்ரோன் தேவையில்லை. படப்பிடிப்பாளரிடம் அவருடைய பக்கத்தில் விளம்பரமாகவும் போடக்கூடாது என்று முற்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். சந்தியில் பெயரும் படமும் போட்டுப் பதாகை கட்டுவதாகச் சொன்ன உங்கள் தம்பிக்கு அன்போடு வேண்டாம் என்று சொல்லுங்கள். வருகிறவர்களிடம் படத்தைப் பகிர வேண்டாம் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. பந்தல் வாசலில் சந்தனம் கொடுக்கும்போதே சொல்லலாம்.

பிறகு அவளிடம் தனியாகக் கேளுங்கள்: "அந்த நாளில் உனக்கு என்ன வேண்டும்?" சேலையின் நிறமாக இருக்கலாம். எட்டுத் தோழிகள் பின்னேரம் வரை நிற்பதாக இருக்கலாம். கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டுக் கோட்டைக்குள் மான்களைப் பார்த்துவிட்டு வருவதாகக்கூட இருக்கலாம். எதைக் கேட்டாலும் அதற்கு முதலில் காசு ஒதுக்குங்கள். "எனக்கு இது ஒன்றுமே வேண்டாம்" என்று சொன்னால் அதையும் பொறுமையாகக் கேளுங்கள். இன்று பல குடும்பங்கள் கோயிலில் ஓர் அர்ச்சனையோடும் வீட்டுச் சாப்பாட்டோடும் நிறுத்திக்கொள்கின்றன. அது குற்றம் அல்ல, பிள்ளைக்குக் குறையும் அல்ல.

ஒரு திருத்தம். சடங்கு முடியும் வரை பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டாம் என்று மாமி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மாமியின் காலத்தில் அது பாதுகாப்பு. இன்று 16 வயது வரை கல்வி கட்டாயம், தவறிய பாடம் திரும்பாது. அவளுக்கு உடல் இயலுமானால் நாளைக்கே அனுப்புங்கள். மாமியை எதிர்க்க வேண்டாம். ஆரத்திக்கும் பால் அறுகுக்கும் அவரையே முன்னின்று நடத்தச் சொல்லுங்கள். பெரியவர்கள் பல நேரங்களில் மண்டபத்தைக் கேட்பது தங்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான்.

கனடாவில் இருக்கும் மச்சாளுக்கு

அவருடைய இரண்டு இலட்சத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அதை வாங்கினால் மிச்சம் 4,65,000 உங்கள் தலையில் விழும். ஆனால் கோபத்தில் பேசிவிடாதீர்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு ஊரில் தங்கள் குடும்பம் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க ஆசை. அதில் அன்பும் இருக்கிறது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மச்சாள், கடன் இல்லாமல் செய்ய நானும் உங்கள் தம்பியும் முடிவு செய்துவிட்டோம். பிள்ளையின் சேலை உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்கு மேல் ஏதும் செய்ய நினைத்தால் அவளுடைய பெயரில் வங்கியில் போட்டுவிடுங்கள்." என்வலப்பில் வருவதையும் அந்தக் கணக்கிலேயே போடுங்கள், செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தாய்மாமன் தண்ணீர் வார்ப்பதைக் காலை ஏழு மணிக்கு வைத்தால், கோடை காலத்தில் டொரொன்டோவில் முதல் நாள் இரவு ஒன்பதரை. மச்சாள் கைப்பேசியில் விழித்திருந்து பார்க்கலாம். பத்து மணிக்கு வைத்தால் அங்கே நள்ளிரவு தாண்டிவிடும்.

நாளைப் பொறுத்தவரை அவசரப்பட வேண்டாம். முதல் தண்ணீர் வார்த்தாயிற்று. சீட்டு விழுந்து, கடலும் இறங்கி, கணவரின் கையில் நான்கு காசு புழங்கும் வைகாசிக் கடைசியோ ஆனியோ பாருங்கள். ஐயரிடம் நாள் கேட்கப் போகும்போது மகளின் தவணைப் பரீட்சைத் திகதிகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.